மணல் சட்டியில் வெந்த ரயில்

நூற்றாண்டு காணும் எமது கல்லூரியின் வரலாற்றில் அதிபர்களும் கட்டடங்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் இடம்பெறும். எமது வகுப்பின் பங்காக நாம் பதிய விரும்புவது ஒரு பிறந்தநாள் கேக்கின் வரலாறு.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது நாம் பதின்மூன்று வயதுச் சிறுமிகள். தென்மராட்சி, பின்னர் கிளிநொச்சி என்று அலைந்து, எம்மில் ஐவர் புளியங்குளத்தில் ஒன்றுசேர்ந்தோம். ஒருத்தியின் பையில் மனையியல் கொப்பி இருந்தது. அதில் ஆசிரியை எழுதுவித்த ஐசிங் செய்முறையும் இருந்தது.

1997 மாசியில் அவளுடைய தம்பிக்கு ஐந்து வயது நிறைந்தது. அவன் கேட்டது ரயில் கேக். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்றுவிட்டது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. ரயில் பாதைக்கு அருகில் வாழ்ந்தும் அவன் ரயிலைக் கண்டதில்லை. எஞ்சினுக்கு எத்தனை சில்லு என்பதில் எமக்குள்ளேயே சண்டை.

பொருளாதாரத் தடைக் காலம் அது. மின்சாரம் இல்லை; மண்ணெண்ணெய்க்கு யானை விலை. மாவுக்குப் பதில் ரவை, பட்டருக்குப் பதில் தேங்காய்ப்பால். பெரிய சட்டியில் ஆற்றுமணலைச் சூடாக்கி, அதற்குள் பால்மா ரின்னை இறக்கி, மூடியின்மேல் சிரட்டைத் தணல் பரப்பினோம். சீனியை உரலில் இடித்துச் சீலையில் அரித்து, முட்டை வெள்ளைக்கருவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து அடித்தோம். நிறத்துக்கு பீற்றூட் சாறு. சில்லுகள் பனங்கட்டித் துண்டுகள். மெழுகுதிரிக்குப் பதில் ஜாம் போத்தல் விளக்கு. தம்பி அதை ஊதி அணைத்துவிட, நெருப்புப்பெட்டி தேடி இருட்டில் தடவினோம்.

அவ்வாண்டு மே 13இல் 'ஜெயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியது. புளியங்குளம் போர்க்களமானது. நாம் மீண்டும் சிதறினோம். அந்தக் கொப்பி 2009 வரை அவளோடு இருந்தது. முள்ளிவாய்க்காலுக்குப் பின் இல்லை.

கடந்த ஆண்டு அத்தம்பியின் மகளுக்கு ஐந்து வயது. அவளும் ரயில்தான் கேட்டாள். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிவரை சேவை மீண்டதிலிருந்து புளியங்குளத்துப் பிள்ளைகளுக்கு ரயில் அன்றாடக் காட்சி. மெல்பேணிலிருந்து வந்த தோழி உருட்டுக்கட்டையும் அச்சுகளும் கொண்டுவந்தாள். இம்முறை பொண்டன்ற்: கால் கோப்பை தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஜெலற்றின் ஊறவைத்து இளக்கி, அரைக் கோப்பை குளுக்கோஸ் பாகு, ஒரு மேசைக்கரண்டி கிளிசரின் கலந்து, ஏறக்குறைய 900 கிராம் ஐசிங் சீனியில் பிசைந்தோம். ஜெலற்றின் விலங்கிலிருந்து வருவது. சைவ வீடுகளில் அகர் அகர் பயன்படுத்தலாம். பொண்டன்ற் போர்த்திய கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வன்னி வெயிலுக்கு எடுத்தால் வியர்த்து ஒட்டும். காற்றாடும் நிழலே நல்லது.

மருத்துவராக ஒரு சொல்: ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு எந்தக் கலவையிலும் தேன் வேண்டாம். வெள்ளிக் குண்டுமணிகள் சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடும். அன்று நாம் அடித்த பச்சை வெள்ளைக்கருவையும் இன்று பரிந்துரைக்கமாட்டோம்.

கறுப்புப் பொண்டன்ற் சில்லுகளை ஒட்டப்போனபோது தம்பி தடுத்தான். கடையிலிருந்து ஒரு குட்டான் பனங்கட்டி வாங்கிவந்து, வெட்டி, தானே ஒட்டினான். ஆறு சில்லு. நாம் அன்று வைத்தது எட்டு என்று எம்மில் இருவர் இன்றும் வாதிடுகிறோம். தீர்த்துவைக்கப் படமும் இல்லை, கொப்பியும் இல்லை.

எனவே ஒரு வேண்டுகோள். எந்நாட்டில் இருந்தாலும் உங்கள் மனையியல் கொப்பி கைவசம் இருந்தால், அந்த ஐசிங் பக்கத்தைப் பிரதியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கல்லூரி நூலகத்தில் ஒரு கோப்பு திறந்து வைப்போம்.