பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் ஊர்கள்

கலிபோர்னியாவின் கிழக்கு விளிம்பில், சியரா நெவாடா மலைத்தொடருக்கு நேரெதிரே நிற்கிறது ஒயிட் மவுண்டன்ஸ் எனப்படும் வெண்மலைத் தொடர். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்களின் ஈரத்தைச் சியரா மலைகளே பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால், 10,000 அடி உயரத்திலும் இங்கு ஆண்டு முழுவதும் மழையும் பனியுமாகக் கிடைப்பது ஏறத்தாழ 12 அங்குலமே. மலையாக இருந்தும் இது பாலை நிலம்.

இத்தொடரில் 8,600 அடி உயரத்தில், இன்யோ தேசிய வனத்துக்குள், கிராண்ட்வியூ என்னும் முகாம் திடல் இருக்கிறது. அங்கே தண்ணீர் கிடையாது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேண்டியதைக் கீழிருந்தே கொண்டுசெல்ல வேண்டும். பின்யோன் பைன் மரங்களுக்கிடையே கூடாரம் அடித்து, இருண்ட வானில் விண்மீன்களைக் காண வருவோர் பலர். இத்தகைய வசதியற்ற தங்கலை அமெரிக்கர் 'ப்ரிமிட்டிவ்' முகாம் என்பர். ஆதிகாலத்தது, பண்படாதது என்று அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். மனிதர் குடியிராத வெற்றுநிலம் என்னும் எண்ணமும் அதனுள் மறைந்திருக்கிறது. அவ்வெண்ணம் சரிதானா?

மேற்கே, மலையடியிலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கு பையூட் மக்களின் தாயகம். பின்யோன் மரத்தின் கொட்டைகளே அவர்களது குளிர்கால உணவு. விளைச்சல் மிகுந்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக மலையேறி, அம்மரங்களிடையே குளிர்காலத்தைக் கழித்தனர்.

அதற்கும் மேலே நடந்தது இன்னும் வியப்புக்குரியது. 1980களில் தொல்லியலாளர் ராபர்ட் பெட்டிங்கர் இம்மலையின் உச்சிப் பகுதிகளை ஆராய்ந்தார். 10,000 அடிக்கு மேலே, சில இடங்களில் 12,000 அடியையும் கடந்து, வட்டமான கல் அடித்தளங்களைக் கொண்ட வீடுகள் வெளிப்பட்டன. காட்டாடு, மர்மோட் ஆகியவற்றின் எலும்புகளோடு அரைகற்களும் அங்கே கிடைத்தன. தொடக்கத்தில் அவ்வுயரத்துக்கு வேடர்கள் மட்டுமே வந்து சென்றனர், ஏறத்தாழ கி.பி. 600க்குப் பின்னர் குடும்பங்களே கோடைதோறும் ஏறிவந்து, விதையும் கிழங்கும் பக்குவப்படுத்தி வாழ்ந்தன என்பது அவர் கண்ட முடிவு. வேடர் தங்கிய முகாம், காலப்போக்கில் ஊராயிற்று.

இவ்வூர்களின் காலத்தைக் கணிக்க உதவியது கரிமக் காலக்கணிப்பு. அம்முறையின் பிழையைத் திருத்த உதவிய சான்றுகளுள் ஒன்று இதே மலையில்தான் இருந்தது. கிராண்ட்வியூவுக்கு மேலே வளரும் பிரிசில்கோன் பைன்களுள் 4,000 ஆண்டுகளைக் கடந்தவை உண்டென்று 1950களில் எட்மண்ட் ஷுல்மன் கண்டறிந்தார். அவற்றின் ஆண்டுவளையங்களைக் கரிமக் கணிப்போடு ஒப்பிட்டபோது, பழம்பொருள்கள் பலவற்றுக்குக் கணிக்கப்பட்ட வயது குறைவு என்பது 1960களில் தெளிவாயிற்று.

அப்படியாயின் இந்நிலம் வெறுமையாகத் தோன்றக் காரணம் என்ன? 1861 வாக்கில் குடியேறிகளின் கால்நடைகள் பள்ளத்தாக்கில் புகுந்து, பையூட் மக்கள் உண்ணும் விதைகளைத் தரும் புற்களை மேய்ந்தழித்தன. பசி போராயிற்று. 1863 ஜூலையில் அமெரிக்கக் குதிரைப்படை ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தெற்கேயுள்ள டெஜான் கோட்டைக்கு நடத்திச் சென்றது. பலர் தப்பித் திரும்பினர். அவர்தம் வழித்தோன்றல்கள் பிஷப், பிக் பைன் முதலிய ஊர்களில் இன்றும் வாழ்கின்றனர். ஆனால் திரும்பியபோது, நீரும் நிலமும் பெரும்பாலும் பிறர் கைக்குப் போயிருந்தன.

நம் திணை மரபு பாலைக்கும் எயினரை மாந்தராக வைத்தது. பாலையை ஆளற்ற நிலமாக அது எண்ணவில்லை. கிராண்ட்வியூவில் நீர்க்குடுவையோடு ஓரிரவு தங்குவோர், தமக்கு மேலே நாலாயிரம் அடி உயரத்தில் தானியம் அரைத்த கற்கள் கிடந்தன என்பதையும் அறிந்து தங்கினால், அந்த இரவின் பொருள் மாறும். 'ப்ரிமிட்டிவ்' என்ற சொல் யாருக்குப் பொருந்தும் என்பதையும் அவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்கக்கூடும்.