கொண்டச்சி மணலும் நின்றுபோன வண்டியும்

கொண்டச்சி என்ற பெயரைக் கேட்டதும் வரலாறு பயின்றவர்களுக்கு நினைவு வருவது முத்துக்குளிப்பேயாகும். மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையிலே, சிலாவத்துறையை அடுத்துக் கிடக்கும் சிறு குடா அது. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் முதன்முதலிற் கைவைத்த செல்வங்களில் இக்கடலின் முத்தும் ஒன்று. குளிப்புப் பருவம் வந்ததும் வெறும் மணலிலே பல்லாயிரம் பேர் கூடும் குடிசை நகரம் ஒன்று எழும். பருவம் முடிந்ததும் ஓலையையும் தடியையும் பிரித்துக்கொண்டு மக்கள் கலைந்து செல்வர், நகரம் மறையும். முத்து கடல் கடந்து போயிற்று. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பிலே கட்டுவித்த மாளிகை இடிந்து நிற்கின்றது. மணல் மட்டும் அப்படியே இருக்கின்றது.

முத்தைப் பற்றி எழுதியோர் பலர். அந்த மணலிற் சிக்கிய சக்கரங்களைப் பற்றி எழுதியோர் அரியர். பழுதடைந்த மோட்டார் வண்டிக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். நடுவழியில் வண்டி நின்றால் அது சொந்தக்காரனுடைய துரதிர்ஷ்டம். திருத்தும் கராஜிலே நாலு நாள் காக்க வைத்தால் அது மெக்கானிக்கின் அயோக்கியத்தனம். பொதுவாக நமது சிந்தனை இத்துடன் நின்றுவிடுகிறது. “நாளைக்கு வாருங்கள்” என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், நல்ல பாகத்தைக் கழற்றித் தேய்ந்ததை மாட்டிவிட்டான் என்று ஐயுற்றவர்கள், ஒரு பழுதைத் திருத்தப் போய் மூன்று பழுதுடன் திரும்பியவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுடைய முறைப்பாடுகள் யாவும் பொய்யென்று நாம் கூறவில்லை. ஆனால் அந்தக் கோபம் கண்ணெதிரே நிற்கும் எண்ணெய்க் கையன்மீது மட்டும் பாய்கிறது. பழுதின் மூலம் எங்கே இருக்கிறது என்பதை அறிய வேண்டுமாயின் சற்றுத் தொலைவுக்குச் செல்ல வேண்டியிருக்கும்.

முதலில் பாதையை எடுத்துக்கொள்வோம். இக்கரை வறண்டு கிடந்ததேயன்றி ஆளரவமற்றுக் கிடந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் மன்னார்க் கரையில், அரிப்பு போன்ற துறைகளில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் தொகை பெரிது. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது. அது மதவாச்சியிலிருந்து மடு வழியாக மன்னார்த் தீவுக்குள் சென்றது. தென்பாலுள்ள முசலிக் கரையைத் தொடவில்லை. அந்நியர் ஆட்சியில் இருப்புப்பாதை எங்கே வளைய வேண்டும் என்பதைத் தோட்டங்களின் தேவையும் கப்பலின் நேரமும் நிர்ணயித்தனவேயன்றி, வழியிலுள்ள கிராமத்தவரின் தேவை நிர்ணயிக்கவில்லை. கொண்டச்சிக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியைக் கடந்து வில்பத்துக் காட்டினூடே புத்தளம் செல்லும் பழைய வழியில், எலுவன்குளத்தருகே கலா ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கும். இத்தகைய வழியிலே அச்சு முறிவதற்கும் சில்லுப் புதைவதற்கும் சாரதியின் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியுமா?

அடுத்து எரிபொருள். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பெற்றோல் பங்கீட்டுக்கு உட்பட்டபோது, தமிழ்நாட்டு பஸ்கள் கரிவாயுவில் ஓடின. வண்டியின் பின்புறத்தில் உருளை வடிவான ஓர் அடுப்பு. அதிற் கரியை எரித்து, கிடைத்த வாயுவை இயந்திரத்துக்குள் செலுத்தினர். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய கருவிகளைச் செய்து விற்றது. காலையில் அடுப்பை மூட்டி நெடுநேரம் விசிறி சுற்றிய பின்னரே வண்டி புறப்படும். மேட்டிலே மூச்சுத் திணறும். பயணிகள் இறங்கித் தள்ளுவர். போரை மூட்டியவர்கள் ஐரோப்பாவிலே இருந்தார்கள். வண்டியைத் தள்ளியவர்கள் நமது ஊர்களிலே இருந்தார்கள்.

சுதந்திரத்தின் பின் இலங்கையிலே மோட்டார் வண்டிகள் பெருகின. ஒஸ்டின், மொறிஸ், ஹில்மன் என்று ஆங்கிலத் தொழிற்சாலைகளின் பெயர்கள் நமது ஒழுங்கைகளில் வீட்டுப் பெயர்கள் போல் வழங்கலாயின. ஆனால் வண்டி வந்ததேயன்றி, வண்டியைச் செய்யும் தொழில் வரவில்லை. தேயிலையும் இறப்பரும் தெங்கும் விற்ற பணத்திலேதான் ஒவ்வோர் ஆணியும் வர வேண்டியிருந்தது. ஏற்றுமதிப் பொருள்களின் விலை சரிந்து, 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது, மோட்டார் கார் இறக்குமதி நின்றது. ஏலவே இருந்த வண்டிகளைக் கொண்டே நாடு காலந்தள்ள வேண்டியதாயிற்று.

இந்தத் தட்டுப்பாட்டுக் காலம் இருவகைப் படிப்பினைகளைத் தந்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி தேசியமயமாக்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை, வெரஹெராவில் ஒரு மத்திய பணிமனையை நடத்தியது. நாடெங்குமுள்ள பஸ்களுக்குப் பழுது பார்ப்பதும் பாகங்கள் செய்வதும் அங்கே பொது நிறுவனத்தின் கடமைகளாக இருந்தன. மறுபுறத்திலே, தனியார் கராஜ்களிலும் கடைச்சற் பட்டறைகளிலும் அருமையான கைத்திறன் வளர்ந்தது. அதனோடு கள்ளச் சந்தையும் வளர்ந்தது. ஒரு பாகத்தைப் பதுக்கி வைத்திருப்பவனுக்கு, வண்டிக்காரனின் கண்ணீர் முதலீடாயிற்று. ஆகவே, பற்றாக்குறை எல்லோரையும் உத்தமர்களாக்கும் என்று யாரும் மயங்க வேண்டியதில்லை. பாகம் பொதுவுடைமையாக இருந்த இடத்தில் தொழிலாளியின் திறமை ஊருக்கு உதவியது. தனியுடைமையாக இருந்த இடத்தில் அதே திறமை பலவேளைகளிற் பேரத்துக்கு ஆளாயிற்று. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. பழைய ஒஸ்டினைப் பார்த்து நகைத்தவர்கள் பலர்.

அந்த நகைப்பு வடபகுதியில் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குச் செல்லும் பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகங்கள் ஆகியவற்றுக்குத் தடை வந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டுடனும் கடும் விலையிலும் கிடைத்தது. அப்போதுதான் கூரைக்கடியிற் கோழி அடைகாத்துக் கிடந்த ஏ-40 வண்டிகளும் மொறிஸ் மைனர்களும் மீண்டும் வீதிக்கு வந்தன.

அவை ஏன் வந்தன? மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றாது. மிகுந்த அழுத்தத்தில் அது முன்னதாகவே வெடித்து இயந்திரத்தை இடிக்கும். புதிய இயந்திரங்கள் கலவையை இறுக்கி அழுத்துபவை. ஆதலின் அவை மண்ணெண்ணெய்க்கு இசையவில்லை. பழைய ஆங்கில வண்டிகளின் இயந்திரங்களோ குறைந்த அழுத்தத்தில் இயங்குபவை. நமது மெக்கானிக்குகள் இதனைக் கண்டறிந்தனர். சிறு சூப்பிப் போத்தலில் அடைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குட் பீச்சி இயந்திரத்தைக் கிளப்புவர். சூடேறியதும் அது மண்ணெண்ணெயைக் குடித்து ஓடும். வெண்புகை கக்கும்; கண் எரியும்; எரியாத மண்ணெண்ணெய் கசிந்து என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும்; பிளக்குகளை அடிக்கடி கழற்றிச் சுத்தஞ் செய்ய வேண்டும். ஆயினும் வண்டி ஓடிற்று. கர்ப்பிணிகளையும் காயமுற்றோரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றது. பழைய தட்டி வான்கள் சந்தைக்கு மூட்டைகளை ஏற்றிச் சென்றன.

இதே முறையை ஆங்கில நாட்டுத் தொழிற்சாலையும் அறிந்திருந்தது. 1940களின் இறுதியில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலிற் கிளம்பிப் பின்னர் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மலிவான எண்ணெயில் ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்டிருந்தது. அங்கே பொறியியலாளர்கள் வரைபடம் போட்டு, இரு எண்ணெய்களுக்கும் இடம் வகுத்துச் செய்ததை, இங்கே ஒழுங்கை முனைப் பட்டறையிலிருந்த தொழிலாளி ஒரு குழந்தைப் போத்தலைக் கொண்டு செய்தான். முன்னது தொழில்நுட்ப வரலாற்றிலே இடம்பெற்றுவிட்டது. பின்னது வேடிக்கைக் கதையாக மட்டுமே சொல்லப்படுகிறது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்துச் செல்வது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தில் இரும்புச் சாமான் வணிகத்திலும் பழைய இரும்பு வணிகத்திலும் முஸ்லிம் மக்களின் கை ஓங்கியிருந்தது. எந்தத் துண்டு இரும்பு எந்த வண்டிக்குப் பொருந்தும் என்ற அறிவு அவர்களுடைய கடைகளிலே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்தது. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, அவர்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அதே மாதத்தில் மன்னாரிலும் முசலியிலும் வாழ்ந்த முஸ்லிம்களும் விரட்டப்பட்டனர். கொண்டச்சியும் அவ்வாறே வெறுமையாயிற்று. பெரும்பாலோர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் சென்று கொட்டில்களில் ஆண்டுக்கணக்காய் அகதிகளாய் வாழ்ந்தனர். கொழும்பு விதித்த பொருளாதாரத் தடையைக் கண்டிக்கும் நாம், நம் மத்தியிலே நிகழ்ந்த இந்தக் கொடுமையையும் அதே குரலிற் கண்டிக்க வேண்டும். தடை வண்டியின் பாகத்தைப் பறித்தது. வெளியேற்றம் மனிதரையே பறித்தது. காடு மூடிய கிராமத்திலே பழுது பார்க்கக் கராஜும் இல்லை. பழுதடைய வண்டியும் இல்லை.

நம்மைப் போன்றே பழைய வண்டிகளோடு வாழக் கற்ற இன்னொரு தீவு கியூபா. 1959இன் புரட்சிக்குப் பின் அமெரிக்கா விதித்த தடையினால் புதிய அமெரிக்கக் கார்களும் பாகங்களும் அங்கே வாராதொழிந்தன. ஹவானாவின் தெருக்களில் 1950களின் செவ்ரலேக்களும் போர்ட்டுகளும் வேற்று இயந்திரங்களைப் பொருத்திக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓடின. உல்லாசப் பயணிகள் அவற்றைப் படம் பிடிக்கின்றனர். அந்தப் பளபளப்புக்குப் பின்னால், இல்லாத பாகத்தைத் தாமே வார்த்தெடுத்த தொழிலாளரின் உழைப்பு இருக்கின்றது. ஏழ்மையை அழகென்று போற்றுவது நமது நோக்கமன்று. அந்த உழைப்பை அறிவென்று மதிப்பதே நமது நோக்கம்.

2002இல் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ9 வீதி திறக்கப்பட்டது. பெற்றோல் வந்தது, புதிய மோட்டார் சைக்கிள்கள் வந்தன, சூப்பிப் போத்தல்கள் குப்பைக்குப் போயின. 2009இல் போர் முடிந்த பின் முசலி மக்களும் கட்டங் கட்டமாகத் திரும்பலாயினர். திரும்பியோரை வரவேற்க லீசிங் கம்பனிகளும் வந்தன. முச்சக்கர வண்டி தவணையில் வந்தது. வண்டி பழுதாகி நிற்கும் நாளிலும் தவணை நிற்பதில்லை. எனவே முச்சக்கர வண்டிச் சாரதிக்கு மெக்கானிக்கின் “நாளைக்கு வாருங்கள்” வெறும் எரிச்சலூட்டும் சொல்லன்று. அது ஒரு நாட் கூலியின் இழப்பு, வட்டியின் பெருக்கம்.

2020 மார்ச்சில் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாட்டின் செலாவணி வற்றியபோது பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. பின்னர் பங்கீட்டு முறை வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓட்டும் மீனவருக்கு அது பேரிடியாயிற்று. தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1960களின் பாடம் அறுபது ஆண்டுகளின் பின் மீண்டும் ஒப்புவிக்கப்பட்டது, கற்றவர் யாருமில்லை.

இம்முறை புதிய தடை ஒன்றும் சேர்ந்துகொண்டது. இன்றைய வண்டியின் மூளை கணினி. கதவு திறந்திருந்தாலும் அதன் மொழி பூட்டிக் கிடக்கிறது. பழுதைக் கண்டறியும் கருவியும் அதற்கான குறியீடுகளும் தயாரித்த கம்பனியின் கையில் இருக்கின்றன. கண்ணாலும் காதாலும் இயந்திரத்தின் நோயை அறிந்த மெக்கானிக், திரையிலே தெரியும் ஓர் எண்ணின் முன் கைகட்டி நிற்க நேர்கிறது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் மக்கள் இதனை எதிர்த்து வாக்களித்தனர். கம்பனிகள் பழுது பார்க்கும் தகவல்களைச் சுதந்திரக் கராஜ்களுக்கும் தர வேண்டுமென 2012இலே அங்கு சட்டமாயிற்று. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே எழுந்த இந்தக் கோரிக்கை நமது நாட்டுக்குப் பன்மடங்கு அவசியமானது.

ஆதலின் நாம் கேட்க வேண்டியவை சில உள. விற்கப்படும் வண்டிக்கு இத்தனை ஆண்டுகள் பாகம் தருவேன் என்ற பொறுப்பை விற்பவன் ஏற்க வேண்டும். பழுது பார்க்கும் தகவல், தமிழிலும் சிங்களத்திலும், எந்தக் கராஜுக்கும் கிடைக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிகள் பட்டறைத் தொழிலாளரின் அனுபவ அறிவைப் பாடமாக ஏற்க வேண்டும். கராஜில் எடுபிடியாகச் சேர்ந்து, சம்பளமும் சான்றிதழுமின்றித் தொழில் பழகும் சிறுவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும். வெரஹெரா போன்ற பொதுப் பணிமனைகள் வட மாகாணத்துக்கும் உரியன ஆக வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் உடனடியாகச் செய்யக்கூடிய பணியும் ஒன்றுண்டு. மண்ணெண்ணெயில் வண்டியோட்டிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்கள் கையாண்ட முறைகள் எந்த நூலிலும் முறையாகப் பதியப்படாமல் அவர்களுடனேயே மறையும் நிலையில் உள்ளன. பாடசாலை விடுமுறையிலே ஒரு குறிப்பேட்டுடன் பட்டறைகளுக்குச் செல்லுங்கள். புத்தளத்திலிருந்து முசலிக்குத் திரும்பி வந்த முஸ்லிம் முதியவரிடமும், யாழ்ப்பாணத்துத் தமிழ் மெக்கானிக்கிடமும் ஒருங்கே கேளுங்கள். எந்தப் பாகத்துக்கு எதை மாற்றாகப் பொருத்தினார்கள், எவரிடம் கற்றார்கள், எதை இழந்தார்கள் என்று எழுதுங்கள். முத்துக் குளித்தவர்களின் பெயர்களை ஆங்கிலேயர் எழுதி வைக்கவில்லை. ஆளுநரின் பெயரை மட்டும் எழுதினர். பட்டறைத் தொழிலாளியின் பெயரும் அவ்வாறே அழிந்துபோனால், அந்தப் பழி அந்நியரைச் சேராது.