குறவன் குறத்தியும் காற்றாடிகளும்

ஆனி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றின் ராஜ்ஜியம்தான். மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம் ஊர்களுக்குச் சாரலைக் கொஞ்சம் காட்டிவிட்டு, மிச்சத்தைக் காற்றாகவே இறக்கிவிடும். அந்தக் காற்று மலையைத் தாண்டும் விளிம்புகளில் ஒன்று ராமக்கல்மேடு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். கேரளத்து நெடுங்கண்டத்திலிருந்து போனால் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே பாதை ஏறும். மேட்டின் விளிம்பை எட்டியதும் தரை சட்டென்று முடிந்து, அடியில் தமிழ்நாடு விரியும்.

அந்த மேட்டில் 2005-இல் ஒரு சிலை எழுந்தது. சிற்பி சி.பி. ஜினன் உருவாக்கிய குறவன் குறத்தி. அதே மலைமுகடுகளில் காற்றாடிகள் வரிசையாக நின்று மின்சாரம் எடுக்கின்றன. பக்கத்து ஆமப்பாறையில் சூரிய மின்தகடுகளும் வந்துவிட்டன. சிலையருகே நின்றால் கீழே தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் தெரியும். நிமிர்ந்தால் இறக்கைகள் சுற்றும். காற்று பலமாக இருக்கும் நாளில் பேசுகிறவர் வாயருகே காதை வைத்தால்தான் பேச்சு கேட்கும்.

பொதுக்கலையையும் இயற்கை மின்சாரத்தையும் சேர்த்து வைப்பது பற்றிப் பெருநகரங்களில் இன்று நிறையப் பேசுகிறார்கள். ஏலமலைச் சரிவுகளில் இவை இரண்டும் பல ஆண்டுகளாக அண்டை வீட்டுக்காரர்கள். யாரும் திட்டம் போட்டு அப்படி வைக்கவில்லை. இந்த மலையிலிருந்து நீரையோ காற்றையோ எடுத்துக்கொண்ட இடங்களில், பக்கத்திலேயே ஓர் உருவத்தை நிறுத்திவைக்கும் வழக்கம் தானாக வளர்ந்திருக்கிறது.

ராமக்கல்மேட்டுக்கு ஒரு ராமாயணக் கதை உண்டு. சீதையைத் தேடி வந்த ராமன் இங்கே கால் பதித்தான் என்பார்கள். கீழே போடிநாயக்கனூரில் ஜமீன் அரண்மனைச் சுவர்களில் அதே ராமாயணம் ஓவியமாக இருக்கிறது. சமவெளியில் ராமன் சுவரில் இருந்தான், மலையில் பாறையில் இருந்தான். ஊருக்கும் மலைக்கும் போக்குவரத்து இருந்தது போலவே கதைகளுக்கும் இருந்தது. குறவன் குறத்தியும் அப்படி வந்தவர்கள்தான்.

இடுக்கியில் பெரியாற்றின் இரு கரையிலும் நிற்கும் இரண்டு பாறை மலைகளுக்குக் குறவன், குறத்தி என்றே பெயர். சாபத்தால் மலையாகிப்போன வேட்டுவத் தம்பதி என்பது நாட்டுக்கதை. அந்த இரண்டு மலைகளையும் இணைத்துத்தான் இடுக்கி அணை வளைவாக எழும்பியது. உயரம் சுமார் 169 மீட்டர். கனடா நாட்டின் உதவியோடு கட்டிய இந்த மின்திட்டத்தை 1976 பிப்ரவரியில் பிரதமர் இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். அணையிலிருந்து நீர் சுரங்கம் வழியே மூலமற்றத்துக்குப் போய், பூமிக்கு அடியில் இருக்கும் மின்நிலையத்தில் விழுகிறது. அதன் முழுத் திறன் 780 மெகாவாட்.

அணைக்கு இந்த இடத்தைக் காட்டியவர் பொறியாளர் இல்லை. மலங்கரை எஸ்டேட் கண்காணிப்பாளர் டபிள்யூ.ஜே. ஜான் காட்டுக்குள் வேட்டைக்கு வந்தபோது வழிகாட்டியாக நடந்தவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர். இரு மலைகளுக்கு நடுவே ஆறு நெருக்கிப் பாயும் இடுக்கை அவர்தான் காட்டினார். செறுதோணிக்குப் பக்கத்தில் வெள்ளாப்பாறையில் அவருடைய சமாதியும் சிலையும் இருக்கின்றன. அணை கட்டப் போட்ட வரைபடங்கள் எத்தனையோ இருக்கும். முதல் வரைபடம் அந்த மனிதரின் காலடித் தடம்தான். அதற்கு ஒரு சிலை வைத்தது நியாயமான காரியம்.

தமிழ்நாட்டுப் பக்கம் இதற்கு இணையான இடம் லோயர் கேம்ப். கூடலூரைத் தாண்டிக் குமுளிக்கு மலை ஏறும்போது நான்கு ராட்சதக் குழாய்கள் சரிவில் இறங்குவதைப் பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாறு அணையின் நீர், ஒரு மைலுக்கும் மேல் நீண்ட சுரங்கத்தைக் கடந்து கிழக்கே திரும்புகிறது. மேற்கே கடலுக்குப் போக வேண்டிய ஆற்றை மலையைக் குடைந்து வைகைப் படுகைக்குத் திருப்பிய வேலை அது. பாசனத்துக்காகவே செய்தார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகு அதே நீரின் வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். 1958-இல் முதல் எந்திரம் ஓடியது. 1965-இல் நான்காவது சேர்ந்தபோது மொத்தத் திறன் 140 மெகாவாட். மின்சாரம் கொடுத்த பிறகும் நீர் வீணாவதில்லை. அதுதான் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்.

அந்த மின்நிலையத்துக்குப் பக்கத்தில்தான் 2013 ஜனவரி 15 அன்று பென்னிகுவிக் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் பிறந்தது 1841-இல் அதே ஜனவரி 15. தைப்பொங்கலை ஒட்டி வரும் நாள் என்பதால் தேனி மாவட்டத்து விவசாயிகள் அவர் சிலைக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்த வீடுகளும் இங்கே உண்டு. பொதுச்சிலை என்றால் காக்கை உட்காரும் இடம் என்று மக்கள் ஒதுங்கிப்போகும் ஊர்களுக்கு மத்தியில், ஓர் அணைக்காரர் சிலை முன் பொங்கல் பொங்குவது சாதாரணமில்லை. அந்த அணைக்காகக் காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட கூலிகளுக்கும் அதே அளவு இடம் கிடைத்திருக்க வேண்டும்.

காற்று பின்னால் வந்தது. தமிழ்நாட்டில் 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது. பிறகு ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் என்று மலை இடைவெளிகளைத் தேடித்தேடி நட்டார்கள். தேனி மாவட்டமும் அந்த வரிசையில் சேர்ந்தது. தங்கள் மின்தேவைக்காகப் பஞ்சாலைகளே வாங்கி நட்டவை பல. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆண்டிபட்டிப் பக்கம் போகிறவர்களுக்குக் காற்றாடி இல்லாத வானம் மறந்தே போயிருக்கும்.

இத்தனை இருந்தும் சிலை சிலையாகவும், காற்றாடி காற்றாடியாகவும்தான் நிற்கின்றன. கலை, சக்தியை நினைவுகூர்கிறது. தானே சக்தி எடுப்பதில்லை. குரோஷியாவின் ஸதார் நகரம் அந்த அடுத்த படியை எடுத்தது. கட்டடக்கலைஞர் நிகோலா பாஷிச் 2005-இல், ராமக்கல்மேட்டுச் சிலை வந்த அதே ஆண்டில், கடற்கரைப் படிகளுக்கு அடியில் குழாய்கள் பதித்து அலைகளாலேயே இசை எழும்பும்படி செய்தார். 2008-இல் அதன் அருகே 22 மீட்டர் குறுக்களவில் 300 கண்ணாடிப் பலகைகளைத் தரையில் பதித்தார். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டியதும் அந்த வட்டம் ஒளியாடும். சிங்கப்பூரில் 2012-இல் திறந்த கரையோரப் பூந்தோட்டத்தில் 18 செயற்கை ராட்சத மரங்கள் நிற்கின்றன. அவற்றில் 11 மரங்கள் தலையில் சூரியத் தகடு சுமக்கின்றன. விடுமுறைக்கு அங்கே போய்வந்த நம்மவர்கள் அவற்றின் அடியில் நின்று எடுத்த படங்கள் பல வீட்டு அலமாரிகளில் இருக்கும்.

போடிக்கு இதில் என்ன வேலை? நிறைய உண்டு. இந்த ஊரின் தொழிலே சூட்டைக் கையாளும் தொழில். பறித்த ஏலக்காய் அப்படியே விலைபோகாது. ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் விறகு மூட்டி, குழாய் வழியே சூட்டை அறைக்குள் அனுப்பி, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க 50 டிகிரி அளவில் காயவைக்க வேண்டும். சூடு கூடினால் பச்சை நிறம் போகும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். அந்தச் சூட்டுக்கு மலைக்காடு விறகாகப் போன வரலாறு நீளமானது. காய்ந்த காய் போடிக்கு இறங்கி, சல்லடையில் அளவு பிரிந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வரும்.

இப்படிச் சூட்டோடு வாழும் ஊரில், தானே சக்தி எடுக்கும் ஒரு சிலைக்கு இடமும் உண்டு: ரயில் நிலையம். ஊருக்கு ரயில் 1928-இல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவில் நின்றது. பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல் காத்திருந்து, 2023 ஜூன் 15-இல் திரும்பி வந்தது. அந்த நிலைய முகப்பில் வெயில் ஆண்டில் பெரும்பகுதி தாராளமாக விழுகிறது. வெயிலையும் மலைக்காற்றையும் வாங்கி இரவில் தானே ஒளிரும் ஒரு சிற்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் மாவட்டத்தில் இல்லை.

யார் உருவத்தை வைப்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை. விடியும் முன்பே போடி, தேவாரம், கோம்பை ஊர்களிலிருந்து தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைத் தோட்டங்களில் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்து இறங்கும் பெண்கள் இருக்கிறார்கள். பென்னிகுவிக்குக்கும் கொலும்பனுக்கும் சிலை உண்டு, இவர்களுக்கு இதுவரை இல்லை. போடி நகராட்சியும் ஏல வியாபாரிகளும் ரயில்வேயும் கூடிப் பேசி, இந்த ஒரு காரியத்தை ஊருக்காகச் செய்ய வேண்டும்.