ஆயில் ஒழுகும் எஞ்சினும் ஒரு சின்னத் தகடும்

கிணற்று மேட்டில் பழைய ஆயில் எஞ்சின் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா நண்பர்களே? சுற்றிலும் தரை கறுப்பாக எண்ணெய் ஊறிக் கிடக்கும். கேட்டால், "ஆயில் எஞ்சின்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். எங்கள் தாத்தா தோட்டத்து எஞ்சினுக்கு மூன்று தடவை பேக்கிங் மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. ஏன் என்று தேடப் போனால், கதை 1930 வாக்கில் இங்கிலாந்தில் போய் நின்றது!

டர்ஸ்லி என்று ஒரு சிற்றூர். அங்கே ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர் 1867-இல் தொடங்கிய நிறுவனம்தான் 'சி.எஸ்.' வரிசை எஞ்சின்களைக் கொண்டுவந்தது. சி.எஸ். என்றால் 'கோல்டு ஸ்டார்ட்'. 1892 முதல் விற்பனையில் இருந்த ஹார்ன்ஸ்பி-அக்ராய்டு மாதிரி எஞ்சின்களுக்கு முதலில் ஊதுவிளக்கு வைத்துத் தலையைச் சூடாக்க வேண்டும். இதற்கு அது வேண்டாம், கைப்பிடி போட்டுச் சுற்றினாலே போதும். இந்த வரிசையில் பேர்பெற்றது 6/1. ஒரே சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. பிற்பாடு குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் இதையே நகலெடுத்து வார்த்துத் தள்ளின. தாத்தாவுடையதும் அந்த வம்சம்தான்.

இப்போது ஒழுகலுக்கு வருவோம். 6/1-இன் பிஸ்டன் ஒரு தடவை கீழே இறங்கும்போது ஏறக்குறைய 1.4 லிட்டர் காற்றைக் கீழே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 650 தடவை! நாலு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறும், கணக்குச் சரியாகிவிடும். ஒற்றை சிலிண்டரில் அது நடக்காது. கிராங்க் கேஸ் கொல்லன் துருத்தி மாதிரி ஆகிவிடும். உள்ளே அழுத்தம் ஏறினால் பேரிங் ஓரம், கேஸ்கட் இடுக்கு என்று கிடைத்த வழியிலெல்லாம் எண்ணெய் வெளியே வரும்.

டர்ஸ்லிக்காரர்கள் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கிராங்க் கேஸ் கதவில் பிரீதர் என்று ஒரு மூச்சுத் துளை. அதில் ஒரு மெல்லிய தகடு. காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அவ்வளவுதான். இதனால் உள்ளே எப்போதும் லேசான வெற்றிடம் இருக்கும். எண்ணெய் வெளியே தள்ளப்படாமல் உள்ளேயே இழுபடும். சீல் தேடி அலைவதைவிட இது எவ்வளவு எளிது பாருங்கள் (எனக்கு இது பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது).

ஆனால் தகட்டில் கசடு ஒட்டிக்கொண்டாலோ, உடைந்தாலோ, "இந்த ஓட்டை எதுக்கு?" என்று யாராவது அடைத்துவிட்டாலோ வேலை கெட்டது. எத்தனை பேக்கிங் வைத்தாலும் வீண்தான். பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை கீழே இறங்கினாலும் இதே கதி. எண்ணெய்ச் செலவோடு போனால் பரவாயில்லை. இந்த எஞ்சினில் எண்ணெய் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி எண்ணெயில் அடித்துத் தெறிக்க வைப்பதுதான் உயவு. மட்டம் இறங்கினால் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. பேரிங் எரிந்துவிடும், பயிருக்குத் தண்ணீர் நின்றுவிடும்.

போன விடுமுறையில் கழற்றிப் பார்த்தேன். தகடு தார் மாதிரி கசடில் ஒட்டிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி மாட்டி, ஓடும்போது துளையில் கை வைத்தேன். புஸ் புஸ் என்று காற்று வெளியே மட்டும் வந்தது. அன்று சாயங்காலம் வரை தரையில் நாலைந்து சொட்டுதான்.

தாத்தா மட்டும் எஞ்சினுக்கு அடியில் வைத்த தகர டப்பாவை இன்னும் எடுக்கவில்லை. "ஒரு மாசம் ஓடட்டும், அப்புறம் பார்ப்போம்டா" என்கிறார்.