என் குடும்பப் பெயர் அப்பப்பாவின் பெயர்

பள்ளியில் புதிய ஆசிரியர் யாராவது வரவு எடுத்தால் என் குடும்பப் பெயரில் வந்து தடுமாறி நிற்பார். பதினான்கு ஆங்கில எழுத்துகள். அவர் வாயைத் திறக்க முன்னமே நான் கையைத் தூக்கிவிடுவேன். உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

உண்மையில் அது குடும்பப் பெயரே அல்ல, என் அப்பப்பாவின் பெயர். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பெயருக்கு முன்னால் அது ஒரேயொரு எழுத்தாக இருந்தது. கனடாவுக்கு வந்தபோது படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம். அதில் தன் தகப்பனின் பெயரை எழுதினார். ஜெர்மனிக்குப் போன சித்தப்பாவோ தன் சொந்தப் பெயரையே எழுதினார். இன்று கடவுச்சீட்டைப் பார்த்தால் நானும் அவருடைய பிள்ளைகளும் உறவே இல்லாதவர்கள்!

வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பெயரைப் பாதியாக வெட்டினேன். அப்பா கோபப்படவில்லை. "அது என்ர அப்பாவின்ர பெயரெல்லோ, பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகுதான் எங்கள் பெயர்களின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

சங்கப் புலவர் ஒருவரின் பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். முதலில் ஊர், பிறகு தகப்பன், கடைசியில் சொந்தப் பெயர். கரூருக்கு அருகே புகளூர்க் கல்வெட்டிலும் சேர அரச குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் 'மகன்' என்ற சொல்லால் கோக்கப்பட்டிருக்கின்றன. நாம் போடும் தலைப்பெழுத்து அந்த வழக்கத்தின் சுருக்கம்தான். ஐஸ்லாந்திலும் இன்றுவரை பெரும்பாலானோருக்குத் தகப்பன் பெயரோ தாய் பெயரோதான் பின்பெயர்.

சாதிப் பட்டத்தைப் பெயரோடு சேர்க்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் பலர் அவற்றை விட்டு, தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. கப்பல் பதிவேடுகளில் பெயரோடு சாதியையும் குறித்தார்கள். காலப்போக்கில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது, முதலியார் 'மூட்லி' ஆனது. ஊரில் பலர் உதறிய பட்டங்கள் அங்கே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. இன்று அவற்றைச் சுமப்பவர்களில் பலருக்கு அவை வெறும் பெயர்கள்.

ஒரு படிவம் பெயரை அப்படியே உறைய வைத்துவிடும். எங்கள் வீட்டில் உறைந்தது ஒரு மனிதரின் பெயர். ஊரிலேயே பிறந்திருந்தால் என் தலைப்பெழுத்து அப்பாவின் பெயராக இருந்திருக்கும். அப்பப்பாவின் பெயர் என்னிடம் வந்திருக்காது. கடல் தாண்டாத அந்த மனிதரின் பெயரை இந்த நாட்டின் ஒரு கட்டம்தான் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது பதினான்கு எழுத்துகளையும் எழுதுகிறேன். யாராவது தடுமாறினால் மெதுவாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.

உங்கள் குடும்பப் பெயர் யாருடைய பெயர்? இன்றிரவு வீட்டில் கேட்டுப் பாருங்கள்.