சூலகப் புற்றுநோய்

ஸ்திரீகளின் அடிவயிற்றில் கர்ப்பப்பையின் இருமருங்கிலும், பாதாம் பருப்பின் அளவினவாய் அமைந்து, பருவமெய்திய நாள் தொட்டு மாதவிலக்கு நிற்கும் காலம் வரை கருமுட்டையையும் ஈஸ்ட்ரோஜன் முதலிய ஹார்மோன்களையும் அளித்து வருபவை சூலகங்கள். அவற்றிலோ, அவற்றை அடுத்துள்ள கருக்குழாயின் நுனியிலோ தோன்றி, வயிற்றறையின் உட்சவ்வு முழுவதும் பரவும் இயல்புள்ள வியாதியே சூலகப் புற்றுநோய் எனப்படும். 2022ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி சுமார் 3,24,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தியப் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் மார்பகத்தினதும் கர்ப்பப்பை வாயினதும் முதலிரண்டு இடங்களை வகிக்க, இது மூன்றாவதாக நிற்கிறது. நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்றிசுவில் தோன்றும் வகையே காணப்படும். அது பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்களுடைய நோய். இளம்பெண்களிடம் அபூர்வமாய்த் தோன்றும் முட்டை உயிரணுக் கட்டிகளோ, உரிய மருந்துக்கு நன்கு கட்டுப்படுபவை. பிற்காலத்தில் தாய்மை எய்தும் வாய்ப்பையும் அவர்களுக்குப் பெரும்பாலும் காத்துத்தர முடிகிறது.

இந்நோயைக் குறித்துப் பெண்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டுவது, இது சூலகத்தின் உபாதையாய்த் தோன்றாமல் வயிற்றின் உபாதையாகவே தோன்றும் என்பது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி ரமணாசிரமத்தைச் சூழ்ந்துள்ள பகுதியை எடுத்துக்கொள்வோம். உத்தியோக காலம் முடிந்து, மலையடிவாரத்திலேயே எஞ்சிய நாட்களைக் கழிக்கக் கருதி வந்து குடியேறிய மூதாட்டிகளும், கிரிவலப் பாதையில் பூவும் சூடமும் விற்று ஜீவிப்பவர்களும், தங்கும் விடுதிகளில் தரை துடைத்துத் துணி துவைப்பவர்களுமாக, மாதவிலக்கு நின்ற வயதினர் பலர் வாழும் இடம் அது. அவர்களுள் ஒருத்திக்கு இந்நோய் கண்டால், முதலில் பாவாடை நாடா எட்டாமற் போகும். நான்கு இட்லி உண்டவள் ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிரம்பிவிட்டதென்று தட்டை நகர்த்துவாள். கைகால்கள் மெலிந்துவர, வயிறு மட்டும் உப்பிவரும். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போவாள். இதனை அவளும் வாயு என்பாள், அண்டை வீட்டாரும் வாயு என்பார்கள். ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரையும் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். வயிறு மந்தமாயிருக்கிறதே என்று ஏகாதசியோடு பிரதோஷத்துக்கும் பட்டினி கிடப்பாள். "வயசாச்சு, வயிறு போட்டிருக்கு" என்று உறவினர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே மாதங்கள் கழிந்து, வயிற்றில் நீர் கோத்து, படுத்தால் மூச்சுத் திணறும் நிலையில்தான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவாள்.

வாயுவுக்கும் இதற்கும் வேற்றுமை காண ஓர் அளவை உண்டு. வயிற்று உப்புசம், அடிவயிற்று வலி, சிறிது உண்டதுமே வயிறு நிரம்புதல் ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று அண்மைக் காலத்தில், அதாவது ஓராண்டுக்குள், புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வருமாயின் சூலகத்தைப் பரிசோதிக்க வேண்டுமென்று அமெரிக்க மருத்துவர்கள் 2007இல் வகுத்துரைத்தார்கள். ஸ்கேன் என்று எல்லோரும் சொல்லும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை இதற்கு முதற்படி. பிள்ளை பெறுவதற்கு மட்டுமே மகளிர் மருத்துவரிடம் போக வேண்டுமென்று எண்ணியிருப்பவர்களும், விதவைகளாயும் துறவிகளாயும் தனித்து வாழ்பவர்களும், உட்பரிசோதனைக்குக் கூசுவது இயல்பே; அந்தக் கூச்சத்தை அறிந்து மதித்து, பெண் மருத்துவர் ஒருவரிடம் உடன் அழைத்துச் செல்பவர் அவர்களுக்குப் பேருபகாரம் செய்தவராவார்.

நோயின் குறிகளே இல்லாத பெண்களை எல்லாம் வருஷந்தோறும் சோதித்து முன்கூட்டியே கண்டுபிடிக்கலாகாதா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைக்கொண்டு நெடுங்காலம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2021இல் வெளியாயிற்று. அத்தகைய சோதனையால் இந்நோயின் மரணங்கள் குறையவில்லை என்பதே அதன் தீர்ப்பு. சி.ஏ. 125 என்னும் இரத்தப் பரிசோதனையும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லத்தக்கதன்று. நம் நாட்டில் இது மிகவும் கவனிக்கத்தக்கது. ஏனெனில் வயிற்றைப் பற்றும் காசநோயிலும் நீர் கோக்கும், உடல் மெலியும், சி.ஏ. 125 அளவும் ஏறும். புற்றுநோய் என்று அஞ்சிய குடும்பத்துக்குக் காசம் என்று தெரியவந்து, மாத்திரைகளாலேயே குணமானதும் உண்டு. காசமென்று எண்ணி மருந்து கொடுத்துப் பொன்னான காலத்தை இழந்ததும் உண்டு. ஆகவே திசுவை எடுத்துச் சோதித்து அறியாமல் எந்த மருந்துச் சிகிச்சையையும் தொடங்குவது தகாது.

புற்றுநோய் என்ற பெயர் ரமணாசிரமத்துக்குப் புதியதன்று. ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய சிறு கட்டி 1949 பிப்ரவரியில் அறுத்தெடுக்கப்பட்டு, மீண்டும் வளர்ந்து, ஸார்கோமா என்று நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு முறை சஸ்திர சிகிச்சை நடந்தும் பயனின்றி, 1950 ஏப்ரல் 14ஆம் நாள் அவர் மகாநிர்வாணம் எய்தினார். கையையே எடுத்துவிடலாமென்ற யோசனையை அவர் ஏற்கவில்லை என்பதைச் சொல்லி, வியாதியை வந்தபடி விட்டுவிடுவதே ஞானம் என்று கருதுவோர், நான்கு முறை அவர் கத்திக்குக் கை நீட்டியதையும், பலவகை வைத்தியர்களும் தம்மிடம் வர இடங்கொடுத்ததையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அரிய முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது மகரிஷி மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1954இல்தான். இன்றோ திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டுமாதலால், பிற மாநிலங்களிலிருந்து வந்து தனியே வாழும் பெண்கள் உடல் நன்றாயிருக்கும்போதே தம் உரிமை யாதென விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.

சிகிச்சையின் கிரமம், கர்ப்பப்பை, சூலகங்கள், கருக்குழாய்கள், குடலை மூடிய கொழுப்புத் திரை ஆகியவற்றோடு கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் அகற்றுவதும், கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் என்னும் மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாகச் சுமார் ஆறு தவணை செலுத்துவதும் ஆகும். நோய் சூலகத்தோடு நிற்கையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்வரை ஐந்தாண்டுகள் கடந்து வாழ்கிறார்கள். வயிறெங்கும் பரவியபின் வந்தவர்களில் அந்தத் தொகை மூன்றிலொரு பங்கின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பெரும்பான்மையோர் பின்னைய நிலையில் வருவதே இந்த வியாதியின் சோகம்.

பிழைத்தவர்களின் சரீரமும் முன்போல் இருப்பதில்லை. மாதவிலக்கு நிற்காத வயதில் சூலகங்களை இழந்தவள், பத்தாண்டுகளில் மெல்ல வரவேண்டிய மாறுதல் அத்தனையையும் ஒரே வாரத்தில் அடைகிறாள்: நள்ளிரவில் உடலெங்கும் அனல் பரவி வியர்த்துக் கொட்டும், உறக்கம் கெடும், எலும்பு தேயும், தாம்பத்திய உறவில் வலி உண்டாகும். இதனைக் கணவனிடமும் சொல்லாமல், மருத்துவரிடமும் சொல்லாமல் விழுங்குபவர்களே அதிகம். இவற்றுக்கெல்லாம் மருந்தும் மார்க்கமும் உண்டென்பதை யாரேனும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். உதிர்ந்த முடி, மருந்து முடிந்த சில மாதங்களில் முளைத்துவிடும். பாக்ளிடாக்செல் பாதங்களில் உண்டாக்கும் மரமரப்போ நெடுநாள் நிற்பதுண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலத்தைச் செருப்பின்றி நடக்கும் பக்தை, கல் குத்தியதையும் கொப்புளம் உடைந்ததையும் உணராமலேயே நடந்து முடிப்பாள். குணமானதற்கு நன்றியாய் மலை சுற்ற விரும்புகிறவள், உணர்ச்சி திரும்பும்வரை காலுறை அணிந்து சிறிது தூரமே நடப்பதும், வீடு திரும்பியதும் உள்ளங்காலை ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்வதும் அவசியம்.

கர்ப்பப்பையை எடுத்தாயிற்றே, இனி ஒன்றும் வராது என்று நம்பியிருப்பவர்கள், சூலகங்களும் சேர்த்து எடுக்கப்பட்டனவா என்பதைத் தம் பழைய மருத்துவச் சீட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். விடப்பட்டிருந்தால் அபாயம் முற்றும் நீங்கவில்லை. பிள்ளைப் பேறும், தாய்ப்பால் கொடுத்தலும், கருத்தடை மாத்திரையும், நம் நாட்டுப் பெண்கள் பெருவாரியாகச் செய்துகொள்ளும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கின்றன. பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்னும் மரபணுக்களில் பழுது பிறவியிலேயே உள்ளவர்களுக்கு அவ்வாய்ப்பு பன்மடங்கு மிகுகிறது. அப்பழுது தாய்வழியாக மட்டுமன்றித் தந்தை வழியாகவும் வரும். ஆதலால் மேற்றிசு வகை கண்ட ஒவ்வொருத்திக்கும் அந்தச் சோதனையைச் செய்து, பழுது இருப்பதாகத் தெரிந்தால் அவளுடைய பெண்களுக்கும் சகோதரிகளுக்கும் செய்ய வேண்டும். முதலாவது மரபணுவில் பழுதுள்ள பெண்கள், பிள்ளைப்பேறு முடிந்தபின், 35 வயதிலிருந்து 40 வயதுக்குள் சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்ளும்படி மருத்துவர்கள் ஆலோசனை கூறுகிறார்கள்.