ராணியே சொன்னாலும் கேக்காத கடிகாரம்

நம்மள்ல பாதிப் பேர் ராக்கோழிங்கதான். ராத்திரி 11 மணிக்கு மேலதான் மூளையில பல்பு எரியும். 2 மணிக்குத்தான் படுக்கை. முப்பது வயசுல இதைப் பெருமையா சொல்லிக்கலாம். அறுபதை நெருங்கி, சர்க்கரை, பிரஷர்னு டாக்டர் பேச ஆரம்பிச்சதும் இதே பழக்கம் குற்றப்பத்திரிகையில முதல் வரியா வந்து நிக்கும். "நாளையிலேர்ந்து 10 மணிக்குப் படுங்க, 5 மணிக்கு எழுந்திருங்க." முப்பது வருஷம் நைட் ஷிஃப்ட் பாத்துட்டு ரிட்டயர் ஆனவங்களுக்கும் வீட்டுல இதே உபதேசம்தான். நடக்கலைன்னா "சோம்பேறி", "மனசு வைக்கலை"ன்னு பட்டம் வேற.

வாழ்நாள் பழக்கம் வயசான காலத்துல மாறுமா? சரித்திரத்துல இதைப் பரீட்சை பண்ணிப் பாத்தவங்க சிலர் இருக்காங்க. சிலர் விரும்பி, ஒருத்தர் வேற வழியில்லாம.

வேற வழியில்லாம மாட்டிக்கிட்டவர் ரெனே டெகார்ட். கணக்குல எக்ஸ் அச்சு, ஒய் அச்சு போட்டுப் புள்ளி வைக்கிறோமே, அதுக்கு அடித்தளம் போட்டவர்கள்ல முக்கியமானவர். 1596ல பிரான்ஸ்ல பிறந்தார். சின்ன வயசுல நோஞ்சான். லா ஃபிளெஷ் ஊர்ல ஏசு சபைப் பள்ளியில படிச்சப்போ, மத்த பசங்க விடியுமுன்னே எழுந்திரிக்கணும், இவர் மட்டும் காலையில படுக்கையிலயே இருக்கலாம்னு சலுகை கொடுத்தாங்க. அதை அவர் வாழ்நாள் பூரா விடலை. பகல் 11 மணி வரைக்கும் படுக்கை. தூங்கறது பாதி, யோசிக்கிறது பாதி. அவரோட சிந்தனையில கணிசமான பகுதி அந்தப் படுக்கையில நடந்ததுதான்.

1649ல ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா அவரைத் தத்துவம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டாங்க. ராணிக்கு வயசு 22. இவருக்கு 53. அந்தக் காலத்துக்கு அது கிழவர் வயசுதான். தயங்கித் தயங்கி அக்டோபர்ல ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தார். ராணி குறிச்ச பாட நேரம் எது தெரியுமா? விடிகாலை 5 மணி! அந்தம்மா விடியுமுன்னே எழுந்து படிக்கிற ஆள். ஜனவரி மாசம் ஸ்டாக்ஹோம்ல சூரியன் எட்டு, எட்டரை மணிக்கு மேலதான் தலைகாட்டும். பிரெஞ்சுத் தூதர் ஷானு வீட்டுல தங்கியிருந்த டெகார்ட், கும்மிருட்டுல, உறையற குளிர்ல அரண்மனைக்குப் போகணும். பாடம் நடந்தது சில தடவைதான். தூதருக்கு நிமோனியா வந்தது. அவரைப் பாத்துக்கிட்ட டெகார்ட்டும் பிப்ரவரி முதல் தேதி படுத்தார். 1650 பிப்ரவரி 11ல இறந்தே போயிட்டார்.

சீக்கிரம் எழுந்ததாலதான் செத்தார்னு சில புத்தகங்கள்ல எழுதிடறாங்க. அது கொஞ்சம் ஓவர். நோய் தூதர்கிட்டேருந்து தொத்தியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா தூக்கம் கெட்டா நோய் எதிர்ப்பு சக்தி குறையும்னு இன்னிக்கு நமக்குத் தெரியும். வாழ்நாள் பழக்கத்தை ஒரே உத்தரவுல, இருட்டுல, குளிர்ல மாத்தினது அவருக்கு நல்லதா இருந்திருக்க முடியாது.

அதிகாரம் கையில இருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1940ல சர்ச்சில் பிரதமர் ஆனப்போ வயசு 65. மதியம் பைஜாமா மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல தூங்குவார், அப்புறம் ராத்திரி 2, 3 மணி வரைக்கும் வேலை. அவர் மாறலை, தளபதிகள்தான் கொட்டாவி விட்டுக்கிட்டு மாற வேண்டியிருந்தது. ராணுவத் தலைமைத் தளபதி ஆலன் புரூக் டைரியில புலம்பித் தள்ளியிருக்கார் :-)

ஸ்டாலின் கதை இன்னும் மோசம். அவர் விடிய விடிய முழிச்சிருந்தா மந்திரிகளும் போன் பக்கத்துலயே முழிச்சிருக்கணும். 1953 மார்ச் 1 அன்னிக்கு அவர் பகல் பூரா அறையை விட்டு வெளியே வரலை. லேட்டா எழுந்திரிக்கிற ஆளாச்சே! எழுப்பப் போற தைரியமும் யாருக்கும் இல்லை. ராத்திரி 10 மணிக்கு மேல காவலர்கள் உள்ள போனப்போ, பக்கவாதம் வந்து தரையில கிடந்தார். மார்ச் 5 அன்னிக்கு முடிஞ்சது கதை.

சரி, அதிகாரமும் இல்லை, உத்தரவும் இல்லை. தானா விரும்பி மாறப் பாத்தா? அந்தப் பரீட்சையைப் பண்ணினவர் நத்தானியேல் கிளைட்மன். 1895ல கிஷினேவ்ல பிறந்து அமெரிக்கா போய், சிகாகோ பல்கலைக்கழகத்துல தூக்கத்தையே ஆராய்ச்சிப் பொருளா எடுத்துக்கிட்டவர். 1938 ஜூன்ல, ரிச்சர்ட்சன்ங்கற மாணவரைக் கூட்டிக்கிட்டு கென்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள்ள போனார். 32 நாள் வாசம். உள்ள பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. எப்பவும் 12 டிகிரி குளிர். எலி ஏறாம இருக்க, உயரமான கட்டில் கால்களைப் பெரிய டப்பாக்களுக்குள்ள நிறுத்தி வச்சாங்க. (நம்ம வீட்டுல எறும்புக்குப் பண்ற அதே டெக்னிக்.)

நோக்கம் இதுதான்: 24 மணி நேர நாளை 28 மணி நேரமா நீட்டினா உடம்பு ஒத்துக்குமா? நேரத்துக்குப் படுத்து நேரத்துக்கு எழுந்து, உடம்புச் சூட்டை அளந்து குறிச்சு வச்சாங்க. இருபதுகள்ல இருந்த ரிச்சர்ட்சனோட உடம்புச் சூடு ஒரே வாரத்துல 28 மணி கணக்குக்கு மாறிடுச்சு. 43 வயசு கிளைட்மனோட உடம்பு 24 மணியை விடவே மாட்டேன்னு அடம் பிடிச்சது. கடைசி வரைக்கும் படாதபாடு.

இதைக் கேட்டா யாருக்கும் என்ன தோணும்? "பாத்தியா, வயசானா மாத்த முடியாது." ரொம்ப நாளைக்கு இதைத்தான் பலரும் நம்பினாங்க.

அந்த நம்பிக்கையை அசைச்சது 66 வயசுப் பெண்மணி ஒருத்தர்தான். 1986ல சார்லஸ் சைஸ்லர் குழு வெளியிட்ட ஆய்வு இது. அந்தம்மாவுக்கு நமக்கு நேர்மாறான சிக்கல், உடம்புக் கடிகாரம் ரொம்ப முன்னாடி ஓடிக்கிட்டிருந்தது. ஒரு வாரம் போல, சாயங்காலத்துல சில மணி நேரம் பலமான வெளிச்சத்துல உக்கார வச்சாங்க. கடிகாரம் சுமார் 6 மணி நேரம் தள்ளிப் போச்சு! அதைத் தள்ளினது படுக்கிற நேரம் இல்லை, கண்ணுல விழுந்த வெளிச்சம்.

1999ல அதே குழு, கிளைட்மனோட 28 மணி நேர நாளை மங்கல் வெளிச்சத்துல திரும்பவும் செஞ்சு பாத்தது. இந்தத் தடவை இளவட்டமும் உண்டு, அறுபதைத் தாண்டினவங்களும் உண்டு. ரெண்டு கூட்டத்துலயும் உடம்புக் கடிகாரத்தோட ஒரு சுத்து சராசரி 24 மணி 11 நிமிஷம். வயசால வித்தியாசம் இல்லை. குகையில ஜெயிக்காம போன கிளைட்மன் இந்த முடிவு வந்த அதே வருஷம், 104 வயசுல காலமானார்.

இப்ப திரும்பிப் பாருங்க. டெகார்ட் எழுந்தது சூரியனே இல்லாத ஜனவரியில. கிளைட்மன் இருந்தது குகையில. ரெண்டு பேருக்கும் கிடைக்காத ஒரே சாமான், காலை வெளிச்சம். கண் நரம்புகள் ஒண்ணையொண்ணு கடக்கிற இடத்துக்கு மேல, அரிசி மணி அளவுக்கு, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த கொத்து ஒண்ணு இருக்கு. அதுதான் தலைமைக் கடிகாரம். ராத்திரி வெளிச்சம் அதைப் பின்னாடி தள்ளும், காலை வெளிச்சம் முன்னாடி இழுக்கும். ராணியோட உத்தரவோ டாக்டரோட உபதேசமோ அதுக்குக் கேக்காது.

அதனால வீட்டுப் பெரியவங்களை "சீக்கிரம் படு, சீக்கிரம் படு"ன்னு நச்சரிக்கிறதுல பிரயோஜனம் கம்மி. தூக்கம் வராம புரண்டு படுத்து, தூக்கத்து மேலயே பயம் வந்துடும். எழுந்திரிக்கிற நேரத்தைப் பிடிங்க. சில நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னாடி. எழுந்ததும் மொட்டை மாடி, வாசல், தெருமுனை டீக்கடை, எங்கயாவது வானம் தெரியற இடத்துல அரை மணி நேரம். வீட்டு டியூப்லைட் சில நூறு லக்ஸ் தாண்டாது, காலைல வெளியே அது பல ஆயிரம். வயசானா கண் வில்லை மஞ்சளாகி உள்ள போற வெளிச்சம் குறையறதால, அவங்களுக்கு இது இன்னும் அவசியம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பெரிய லைட், கம்ப்யூட்டர், செல்போனைக் குறைச்சுக்கணும். வயசு ஏற ஏற கடிகாரம் தானாவே கொஞ்சம் முன்னாடி நகரும்ங்கறது போனஸ்.

இப்படியும் முழு சேவலா மாறாதவங்க உண்டு, பிறவியிலயே அப்படி. 2 மணி 12 ஆனாலே அவங்களுக்குப் பெரிய விஷயம். அதுக்கு மேல அவங்களைப் போட்டுப் படுத்தாதீங்க. நம்ம ஊர்ல வருஷம் பூரா ஆறு, ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் வந்துடுது. ஸ்டாக்ஹோம்ல டெகார்ட்டுக்குக் கிடைக்காத மருந்து, நமக்கு வாசல்லயே இலவசமா கிடைக்குது.